ஒரே பெஞ்சில் மாமனாரும் மாப்பிள்ளையும் (அடிக்குறிப்புகளுடன்)

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்ததற்குத் தேனீக்கள்தான் காரணம். பல்கலைக்கழக வாசலில் 'தேனீ வளர்ப்பு, மாலை வகுப்பு, இலவசம்' என்று ஒட்டியிருந்தார்கள். தேனீக்கள்மேல் எனக்குப் பெரிய பிரியம் ஒன்றும் கிடையாது. கடைசிச் சொல்லின்மேல் உண்டு. போனேன்.

அந்தக் கட்டடத்து லிஃப்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்குச் சொந்தப் புத்தி உண்டு. நீங்கள் எந்த மாடியை அழுத்தினாலும் அது கொஞ்சம் யோசிக்கும். உங்களை ஏற இறங்கப் பார்க்கும். பிறகு உங்களுக்கு எது சரிப்படுமோ அங்கே இறக்கிவிட்டு, மறுபேச்சுக்கு இடம் கொடுக்காமல் கதவைச் சாத்திக்கொள்ளும். சட்டம் படிக்க வந்த ஒருவர் இப்படித்தான் பல் டாக்டரானார் என்று காவலாளி சொன்னார். நம்பித்தான் ஆக வேண்டும். காவலாளியின் பல்செட்டே அந்த டாக்டர் கட்டியதுதான்.

என்னை அது ஐந்தாம் மாடியில் இறக்கியது. திறந்திருந்த அறையில் மெத்தை தைத்த பெஞ்சுகள் இருந்தன. கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். பலகையில் 'நிதி அறிக்கைப் பகுப்பாய்வு' என்று எழுதியிருந்தது. எதற்கும் ஒரு முன்னுரை வேண்டும்தானே, தேனீ பின்னால் வரும் என்று பொறுமையாக இருந்தேன். வரவில்லை. இனி வராது என்று எனக்கு உறுதியானபோது பருவத்தில் பாதி போயிருந்தது. அதற்குள் எனக்கு முன் பெஞ்சில் இருவர் கிசுகிசுத்துக்கொண்டு போட்ட சண்டையில் நான் மாட்டிக்கொண்டேன். தேனைவிட ருசி.

அந்த இருவர்தான் இந்தக் கதை.

[குறிப்பு 1: வகுப்பறையில் நடந்தது நான் கண்ணால் பார்த்தது. வீட்டிலும் மற்ற இடங்களிலும் நடந்ததெல்லாம் மாமனார் பிற்பாடு எனக்குச் சொன்னது. அவர் சொல்ல மறந்த இடங்களை அவர் சிரமப்பட வேண்டாமே என்று நானே நிரப்பிக்கொண்டேன்.]

2

எப்படி ஆரம்பிப்பது என்று சில முறை முயன்றேன்.

'கதவைத் தட்டும் மழையில், தோளில் பையோடு ஓர் இளைஞன்—'

மழை பெய்யவில்லை. அவனும் அவ்வளவு இளைஞன் இல்லை.

'ஒரு நிறுவனத்தின் உடல்நிலையை வெளியில் இருப்பவர் அறிவதற்கு அதன் ஆண்டறிக்கையே முதன்மையான—'

இந்த இடத்தில் நீங்கள் புத்தகத்தை மூடி முகத்துக்கு விசிறிக்கொள்ளத் தொடங்குவீர்கள்.

'மாப்பிள்ளை வகுப்பறைக் கதவைத் திறந்தபோது, உள்ளே அவனுடைய மாமனார் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.'

இது இருக்கட்டும். (மாப்பிள்ளையை 'அவன்' என்று எழுதுகிறேனே என்று நினைக்காதீர்கள். அவனுக்கு மரியாதை கொடுத்தாக வேண்டியவர் மாமனார். நான் அவனுக்குப் பெண் கொடுக்கவில்லை.)

கதவுப்பிடியை விடாமல் மாப்பிள்ளை நின்றான். மாமனார் சீவிய பென்சிலை இன்னும் கொஞ்சம் சீவினார். ஓடுவதா உட்காருவதா என்று அவன் யோசித்து முடிப்பதற்குள் பின்னாலிருந்து வந்த கூட்டம் அவனை உள்ளே தள்ளிவிட்டது.

"என்ன மாப்ளே, இங்க?"

"நீங்க என்ன மாமா, இங்க?"

"நான்தான் முதல்ல கேட்டேன்."

"ஆபீஸ்ல அனுப்பினாங்க மாமா. புதுசா ஏதோ விதியெல்லாம் வந்திருக்காம். படிச்சதை ஒருதரம் ஞாபகப்படுத்திக்கச் சொன்னாங்க."

"அப்படியா. நான் வாக்கிங் வந்தேன்."

"அஞ்சாவது மாடிக்கா?"

"மாடி ஏறினா முட்டிக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னார்."

"எந்த டாக்டர்?"

"நான்தான்."

மாமனார் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். நாலு கால் உள்ள எதையும் பார்த்த மாத்திரத்தில் அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அவர் கைவைத்துக் குணமான எருமை ஒன்று, வருஷம் தவறாமல் அதே தேதியில் தானாக நடந்து மருத்துவமனைக்கு வந்து, வரிசையில் நின்று, முகத்தைக் காட்டிவிட்டுப் போகும் என்று கேள்வி. கணக்கு மட்டும் அவருக்கு ஆகாது. ஆனால் அவருக்கு ஒரு மீசை இருந்தது. கம்பீரமான, கணக்குத் தெரிந்த மாதிரியான மீசை. அதைப் பார்த்து அவர் குடியிருக்கும் அடுக்குமாடியில் சங்கத்துக்குப் பொருளாளராக ஒருமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். மறுக்க அவருக்கு வெட்கம். வருஷ முடிவில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று வரவு செலவை விளக்க வேண்டும். மனைவியிடம் வாக்கிங் என்று சொல்லிவிட்டு இங்கே வந்து சேர்ந்தார்.

மாப்பிள்ளையின் கதை இன்னும் கொஞ்சம் சங்கடம். அவன் குளியலறைச் சாமான் விற்கும் ஒரு கம்பெனியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். கல்யாணம் பேசியபோது பட்டப்படிப்பு முடித்தாயிற்று என்று சொன்னான். முடிக்கவில்லை. ஒரே ஒரு பாடம் எழுதாமல் பாக்கி. அது இந்தப் பாடம். 'எப்படியும் அடுத்த தடவை எழுதிடுவோம், அதுக்குள்ள எதுக்கு ஒரு பேச்சு' என்றுதான் சொன்னான். அடுத்த தடவை எழுதினான், போயிற்று. அதற்கடுத்த தடவையும் போயிற்று. மூன்று முயற்சிக்கு மேல் கிடையாது என்பது பல்கலைக்கழகத்தின் விதி. இந்த முறையும் தவறினால் இந்தப் பாடம் மட்டுமில்லை, அதுவரை படித்த அத்தனையும் இல்லையென்றாகிவிடும்.

மனைவிக்கு இது தெரியாது. அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். 'இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?' என்று நாள் முழுக்க ஊரைக் கேட்கிறவள். இருவரும் முதன்முதலாகத் தனியாகப் பேசிக்கொண்ட அன்று, "நான் குறட்டை விடுவேன், பயங்கரமா விடுவேன், இப்பவே சொல்லிடறேன்" என்று அவன் தானாகச் சொன்னான். அதற்காகவே அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. 'எதையும் முதல்லயே சொல்லிடற ஆளு' என்று தோழிகளிடமெல்லாம் சொல்லிவைத்தாள். இதுதான் அவனை அரித்துக்கொண்டிருந்தது. பொய்யன் என்று தெரிந்தே அவள் அவனைக் கட்டியிருந்தால் இவ்வளவு கஷ்டமில்லை.

வகுப்பு நாட்களில் நீச்சல் பழகப் போவதாகச் சொன்னான். வகுப்பு முடிந்ததும் கழிவறைக் குழாயில் தலையை நனைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

"முதுகு நீச்சல் ஆரம்பிச்சாச்சா?" என்று அவள் துண்டை நீட்டிக்கொண்டே கேட்பாள்.

"மெதுவா வருது."

"ஒருநாள் நானும் வந்து பார்க்கறேனே."

"ஆம்பளைங்களுக்கு ஒதுக்கின நேரம்மா அது."

அவனுடைய நீச்சல் வளர்ந்த வேகத்துக்கு, பருவத்தின் நடுவில் அவன் கடலில் இறங்கியிருக்க வேண்டும்.

ஆகவே அந்த முதல் நாள், பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தபடி, மாமனாரும் மாப்பிள்ளையும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள்.

"உங்க அத்தைக்கு இது தெரிய வேண்டாம் மாப்ளே."

"சரி மாமா. உங்க பொண்ணுக்கும் தெரிய வேண்டாம்."

"ஆபீஸ்ல அனுப்பினதை அவகிட்ட ஏன் மறைக்கணும்?"

மாப்பிள்ளை பையில் எதையோ தேடினான். பைக்குள் அதற்கு விடை இல்லை.

"ஒரு... ஆச்சரியமா இருக்கட்டுமேன்னு."

"ம்," என்றார் மாமனார். அந்த 'ம்' அவர் வழக்கமாகத் தீனி எடுக்காத மாட்டுக்குச் சொல்வது.

3

இப்போது பேராசிரியை. இந்தப் பாத்திரத்தை நீங்கள் நம்புவீர்களா என்று எனக்கே சந்தேகம். குறைத்து எழுதிப் பார்த்தேன். அந்த அம்மா குறைய மாட்டேன் என்கிறார். ஆகவே இருந்தபடியே எழுதுகிறேன்.

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் அடிக்குறிப்பம்மா. எந்த ஆண்டறிக்கையையும் பின்பக்கத்திலிருந்துதான் படிப்பார். "முன்பக்கம் கம்பெனி சொல்ல ஆசைப்படுறது. பின்பக்கம் இருக்கிற குறிப்பு, சொல்லாம விட்டா சட்டம் காதைப் பிடிச்சுத் திருகும்னு சொல்றது. நீங்க எதை முதல்ல படிப்பீங்க?" என்பார். தலைவரின் புகைப்படத்தில் புன்னகை எவ்வளவு அகலம் என்று ஸ்கேல் வைத்து அளந்து, அந்த வருஷத்து நட்டத்தைக் கிட்டத்தட்டச் சரியாகச் சொல்லிவிடுவார். ஒருமுறை ஒரு ஐந்தொகையைத் திறந்து அவர் தும்மினார் என்றும், மறுநாள் அந்தக் கம்பெனியின் தணிக்கையாளர் ராஜினாமா செய்துவிட்டார் என்றும் சொல்கிறார்கள். தும்மலை நான் கேட்டேன். ராஜினாமாவுக்கு என்னிடம் ஆதாரம் இல்லை.

[குறிப்பு 2: ஐந்தொகை என்பதை வகுப்பில் எல்லாரும் பேலன்ஸ் ஷீட் என்றார்கள். ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு நிறுவனத்திடம் என்ன இருக்கிறது, அதில் எது அதனுடையது, எது அடுத்தவருடையது என்று காட்டும் தாள். மனிதர்களுக்கும் ஒன்று இருந்தால் நன்றாயிருக்குமே என்று இங்கே ஒரு வரி எழுதினேன். எல்லாரும் எழுதுகிற வரி. அடித்துவிட்டேன்.]

அந்த அம்மாவுக்கு ஒரு பழக்கம். கம்பெனிகளின் அறிக்கையிலிருந்து பெயரை மறைத்துவிட்டு, வெறும் எண்களை மட்டும் கொடுப்பார். இது என்ன தொழில் என்று மாணவர்கள் சொல்ல வேண்டும். சரக்கு மலையாகக் குவிந்திருந்தால் கடை. இயந்திரத்தின் மதிப்பு பெரிதாக இருந்தால் தொழிற்சாலை. இரண்டும் இல்லாமல் சம்பளம் மட்டும் மலைபோல இருந்தால் கணினிக்காரர்கள்.

மாமனாருக்கு இது அமிர்தமாக இருந்தது. "வாயில்லாத ஜீவன், மாப்ளே. எங்க வலிக்குதுன்னு அது சொல்லாது. நாமதான் அமுக்கிப் பார்க்கணும்," என்று தாளைத் தடவிக்கொடுத்தார். பிறகு எழுந்து நின்றார்.

"அம்மா, இதுல சரக்கே இல்லை. கட்டடம் பெருசா இருக்கு. வேலை செய்யறதுக்கு முன்னாடியே பணம் வாங்கிடறாங்க. வாங்கினதைத் திருப்பித் தர்ற பேச்சே இல்லை. இது கல்யாண மண்டபம்."

வகுப்பு சிரித்தது. அடிக்குறிப்பம்மா சிரிக்கவில்லை. "ஐயா, அது நம்ம பல்கலைக்கழகம்," என்றார்.

"அப்படியா," என்று மாமனார் மறுபடி தாளைப் பார்த்தார். "சாப்பாட்டுச் செலவு இல்லையேன்னு அப்பவே ஒரு சந்தேகம் இருந்தது."

அடுத்த தாளைச் சிமெண்டுத் தொழிற்சாலை என்றார், அது விமானக் கம்பெனி. அதற்கடுத்ததை மாட்டுப்பண்ணை என்று அடித்துச் சொன்னார், அது நகைக்கடை. ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. ஆனால் தப்பாகச் சொன்ன ஒவ்வொரு முறையும் அவர் முகம் இன்னும் மலர்ந்தது. ஓய்வுபெற்ற பிறகு அவருக்கு யாரும் நோயாளியையே காட்டவில்லை.

மாப்பிள்ளைதான் ஒவ்வொரு முறையும் பெஞ்சுக்கு அடியில் புதைந்தான்.

4

நடுப்பருவத் தேர்வுத் தாள்களைத் திருப்பிக் கொடுத்த நாள். மாமனாருக்குக் கிடைத்த தாளில் மதிப்பெண்ணைவிட ஆச்சரியக்குறிகள் அதிகம். மாப்பிள்ளையின் தாள் தேறியிருந்தது, மயிரிழையில். ஆனால் தாளின் தலையில் நீல மையில் ஒரு முத்திரை இருந்தது: மூன்றாம் முயற்சி.

அவன் அதைக் கையால் மறைத்தான். மறைப்பதற்கு முன்பே மாமனார் பார்த்துவிட்டார்.

[இங்கே ஓர் இடி இடித்தது என்று எழுதினேன். பிறகு, மாமனாரின் கையிலிருந்த பென்சில் முறிந்தது என்று மாற்றினேன். இரண்டும் நடக்கவில்லை. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.]

மாமனார் பென்சிலைக் கீழே வைத்தார்.

"மாடு வாங்கறவங்க என்னைத்தான் கூட்டிட்டுப் போவாங்க, மாப்ளே. பல்லைப் பிடிச்சுப் பார்க்காம நான் சரின்னு சொன்னதே கிடையாது. மாப்பிள்ளை பார்க்க வந்தப்போ, அப்படிப் பார்க்க எனக்கு வெட்கமா இருந்துச்சு."

"மாமா..."

"ஆபீஸ் அனுப்பல."

"இல்ல மாமா."

"அவளுக்கு?"

"தெரியாது."

மாமனார் தன் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். அடுத்த வகுப்புக்கு அவர் வரவில்லை. மாப்பிள்ளை காலியான அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அவர் இந்நேரம் சொல்லியிருப்பார், வீட்டுக்குப் போனால் கதவு திறக்காது என்று நினைத்துக்கொண்டான். தலையை வழக்கத்தைவிட நன்றாக நனைத்துக்கொண்டு போனான். கதவு திறந்தது. துண்டு வந்தது. "இன்னைக்கு என்ன, ரொம்ப ஆழத்துக்குப் போயிட்டீங்களா?" என்று மட்டும் அவள் கேட்டாள்.

அதற்கடுத்த வகுப்பில் மாமனார் மறுபடி வந்து உட்கார்ந்திருந்தார். பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"நான் சொல்லல," என்றார், அவனைப் பார்க்காமல். "சொல்ல வேண்டியது நான் இல்லையே. உங்க அத்தைகிட்ட வாக்கிங்னு சொல்லிட்டு இங்க வந்து உக்கார்ற எனக்கு உங்களைக் கேக்க என்ன வாய் இருக்கு, சொல்லுங்க. ரெண்டு நாளா யோசிச்சுப் பார்த்தேன், அதான் கோவமே நிக்க மாட்டேங்குது." பிறகு அவன் தாளை இழுத்துப் பார்த்தார். "இந்த ரெண்டாவது கணக்கு எப்படிப் போட்டீங்க? எனக்குச் சுத்தமாப் புரியல."

அவன் சொல்லிக்கொடுத்தான். முன் பெஞ்சில் அன்றிலிருந்து சண்டை குறைந்துபோயிற்று. எனக்குக் கொஞ்சம் நஷ்டம்தான்.

5

இறுதித் தேர்வு வாய்மொழித் தேர்வு. இருவர் இருவராக. பெயர் மறைத்த ஓர் ஆண்டறிக்கை கொடுக்கப்படும். ஒருவர் அந்த நிறுவனம் ஆரோக்கியமானது என்று வாதாட வேண்டும். மற்றவர் நோயாளி என்று. மதிப்பெண் இருவருக்கும் சேர்த்து ஒன்று. அடிக்குறிப்பம்மா யார் யாருடன் என்று பெஞ்சுப்படி வாசித்தார். மாப்பிள்ளைக்கு மாமனார்.

வகுப்பில் முதலாவதாக வரும் ஒரு பெண் இருந்தாள். கால்குலேட்டர் என்று பட்டப்பெயர். அவள் நேராக வந்தாள். "சார், என் பார்ட்னர் படிப்பை விட்டுட்டுப் போயிட்டான். நீங்க வேணா என்கூட வந்துடுங்க. மேடத்துகிட்ட நாளைக்குள்ள சொன்னா மாத்துவாங்க. தாத்தாகூடப் போனா, சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க, கல்யாண மண்டபம்தான்."

மாப்பிள்ளை மறுநாள் மதியம் சாப்பிடவில்லை. மாற்றிக்கொண்டால் அவன் தேறுவது நிச்சயம். மாற்றாவிட்டால், அதுவரை படித்த படிப்பெல்லாம் ஒரு மாட்டு டாக்டரின் வாயில் இருக்கிறது. அந்த டாக்டரோ அவன் மானத்தைக் காப்பாற்றியவர். மாலையில் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு பேராசிரியையின் அறைக்குப் போனான்.

உள்ளே மாமனார் நின்றுகொண்டிருந்தார்.

இருவரும் திகைத்தார்கள். மாமனார் தொண்டையைச் செருமினார். "இந்த லிஃப்ட் சரியில்லைன்னு மேடத்துகிட்ட சொல்லலாம்னு வந்தேன் மாப்ளே."

"நானும் அதுக்குத்தான் மாமா."

அடிக்குறிப்பம்மா கண்ணாடிக்கு மேலாக ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்தார். "இவர் இப்பத்தான், 'எனக்குப் பதிலா அந்தப் பையனுக்கு நல்ல ஆளாப் போடுங்கம்மா, அவருக்கு இது கடைசித் தடவை'ன்னு சொல்லிட்டிருந்தார். நீங்க எதுக்கு வந்தீங்க?"

மாப்பிள்ளைக்குக் காது சூடாயிற்று. மாமனார் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை ஆழ்ந்து படித்தார்.

"லிஃப்ட் மேடம்," என்றான் அவன். "சீக்கிரம் பார்க்கச் சொல்லுங்க. மாமாவுக்கு முட்டி வலி."

கால்குலேட்டருக்கு வேறு ஒருவர் கிடைத்தார்.

[குறிப்பு 3: அவன் இப்படிச் சொன்னது நல்ல மனத்தாலா, பிடிபட்ட வெட்கத்தாலா என்று எனக்குத் தெரியாது. இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். வசனம் ஒன்றாகவே வந்தது.]

6

தேர்வு. வகுப்பு முழுக்க உட்கார்ந்து கேட்கலாம். நானும் இருந்தேன். தேனீக்காரனை யாரும் எழுப்பிவிடவில்லை.

ஒரு வாரம் முன்பே அறிக்கையைக் கொடுத்துச் சீட்டுக் குலுக்கியதில் மாமனாருக்கு 'நோயாளி' வந்தது, மாப்பிள்ளைக்கு 'ஆரோக்கியம்'. மாப்பிள்ளை நிம்மதியாக மூச்சுவிட்டான். அன்றிலிருந்து வகுப்பு முடிந்ததும் பெஞ்சிலேயே உட்காரவைத்து அவரைப் பழக்கியிருந்தான். வரவேண்டிய பாக்கி ஏறுகிறது; சரக்கு தேங்குகிறது; இரண்டு வருஷம் நட்டம். இந்த மூன்றைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

மாமனார் எழுந்தார். மீசையைத் தடவிக்கொண்டார். "அம்மா, ரெண்டு வருஷமா இதுக்கு உடம்பு சரியில்லை," என்று அருமையாக ஆரம்பித்தார். தாளைத் திருப்பினார். மூன்றாம் வருஷத்துக்கு வந்தார். நின்றுவிட்டார்.

"சொல்லுங்கய்யா."

"எந்திரிச்சிடுச்சும்மா."

"என்னது?"

"மூணாவது வருஷம் எந்திரிச்சு நிக்குது. பாருங்களேன். கடன் இறங்குது. தொழில்லேர்ந்தே கையில பணம் வருது. வாங்கினவங்க பாக்கிகூட வசூலாக ஆரம்பிச்சிருக்கு." குரல் உற்சாகத்தில் ஏறியது. "நல்லாத் தீனி எடுக்குதும்மா இது!"

"ஐயா, நீங்க இது நோயாளின்னு வாதாடணும்."

"தெரியும்மா. ஆனா எந்திரிச்சு நிக்கிற மாட்டைப் படுக்கவெச்சு ஊசி போடறது என்னால முடியாது. இத்தனை வருஷத்துல பண்ணதில்ல." சொல்லிவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு எதைச் செய்துவிட்டோம் என்று உறைத்தது. முகம் வெளுத்தது. மீசை மட்டும் கம்பீரமாக இருந்தது.

மாப்பிள்ளை சொல்ல வைத்திருந்த அத்தனையையும் மாமனார் சொல்லி முடித்துவிட்டார். அடிக்குறிப்பம்மா அவன் பக்கம் திரும்பினார். "ஆரோக்கியம்னு அவரே சொல்லிட்டார். அப்போ நோயாளின்னு நீங்க சொல்லுங்க. இல்லைன்னா ரெண்டு பேருக்கும் பாதி மார்க்கு போயிடும்."

பாதி போனால் அவன் தேற மாட்டான். எழுந்து நின்றான். கையில் தாள் மட்டும். தயாராக எதுவும் இல்லை. வேறு வழி தெரியாமல் பின்பக்கத்தைத் திறந்தான். குறிப்புகள். ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே வந்தான். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"இங்க ஒரு குறிப்பு இருக்கு மேடம். 'நிறுவனத்தின்மீது ஒரு வழக்கு நிலுவையில் உள்ளது. இதனால் முக்கியமான பாதிப்பு எதுவும் இல்லை என நிர்வாகம் கருதுகிறது.'"

"அது எல்லா அறிக்கையிலும் வர்ற வாக்கியம்தானே?"

"மூணு வருஷமும் இதே வாக்கியம் மேடம். ஒரு சொல் மாறல. வழக்குன்னா ஒரு வருஷம் வாய்தா, ஒரு வருஷம் சாட்சின்னு ஏதாவது நகரும். நிஜமா நடக்கறது வருஷத்துக்கு வருஷம் கொஞ்சமாவது மாறும். மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கிறதுதான் மாறாது."

அவன் தாளைப் பார்த்துத்தான் பேசினான்.

"முக்கியமில்லைன்னு ஒருத்தன் மூணு வருஷம் எழுதறான்னா, அவன் அதைத் தினமும் எடுத்துப் பார்க்கறான்னு அர்த்தம். எழுதினவனை எனக்குத் தெரியும் மேடம்."

"இந்தக் கம்பெனியிலயா?"

"இல்ல. பொதுவா."

"சரி. எவ்வளவு பாதிப்பு வரும்னு நினைக்கறீங்க?"

"அது தெரியாது. வழக்கால வர்றது சின்னதாக்கூட இருக்கலாம். ஆனா பங்கு வெச்சிருக்கிறவங்க இதை வேற யார் மூலமாவது தெரிஞ்சுக்கிட்டா, அப்போ இதுவரைக்கும் எழுதின நல்லதையும் நம்ப மாட்டாங்க. அதுதான் இதோட நோய்."

அடிக்குறிப்பம்மா தலைகுனிந்து எதையோ எழுதினார். நெடுநேரம் எழுதினார். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அந்த அம்மா கையெழுத்து டாக்டர் கையெழுத்தைவிட மோசம்.

"அடுத்தவங்க வாங்க," என்றார்.

7

"கெடுத்துட்டேனா மாப்ளே?" தாழ்வாரத்தில் மாமனார் கேட்டார்.

"அம்சமாக் கெடுத்தீங்க மாமா."

இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கழிவறையை மாப்பிள்ளை நிற்காமல் தாண்டிப் போனான்.

"சரி, ரிசல்ட் வரட்டும்," என்றார் மாமனார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பாஸாயிட்டா ஒரு நல்ல நாள் பார்த்து அவகிட்ட சந்தோஷமாச் சொல்லிடலாம். இல்லைன்னா... யோசிக்கலாம்."

"பாஸான பிறகு சொன்னா அது விளம்பரம் மாமா. இன்னைக்குச் சொல்றேன்."

மாமனார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். தோளில் ஒரு தட்டுத் தட்டினார். பசுவுக்குத் தட்டுகிற மாதிரி, பலமாக.

[குறிப்பு 4: அதற்கு அடுத்த வாரம் அடுக்குமாடிச் சங்கத்தின் கூட்டத்தில் மாமனார் எழுந்து நின்று, "இதுல பாதி எனக்குப் புரியுது, மீதி புரியல, புரிஞ்சவங்க யாராவது இருந்தா கை தூக்குங்க," என்றார். ஒரு கையும் எழவில்லை. எல்லார் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி. அவரை மறுபடியும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். இப்போது மாலைகளில் அவர் மனைவியும் சேர்ந்து ஐந்தாம் மாடிக்கு வாக்கிங் வருகிறார்.]

8

முடிவுக்கு வந்தோம். சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

அவன் சொன்னதும் அவள் கலகலவென்று சிரித்து, 'இவ்வளவுதானா' என்று—

அவள் சிரிப்பதற்கு நான் இதுவரை ஒரு காரணமும் கொடுக்கவில்லை. அடித்துவிட்டேன்.

அவன் தேர்வில் தோற்று, வேலையை விட்டு, மாமனாரின் கைப்பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக மாடு பார்க்கப் போய், நாளடைவில் ஓர் எருமைக்கு வட்டிக் கணக்கு—

எனக்குப் பிடித்திருந்தது. உங்களுக்காக அடித்தேன்.

அவளுக்கு எல்லாம் முதலிலிருந்தே தெரியும். கண் பரிசோதிக்கிறவளின் கண்ணுக்குத் தப்புமா என்று—

இதுதான் எல்லாருக்கும் பிடித்த முடிவு. மனைவிமார்களுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்று எழுதிவிட்டால் கணவன்மார்களுக்குச் சொல்கிற வேலை மிச்சம். அதனாலேயே அடித்தேன். அவளுக்குத் தெரியாது. அவள் அவனை நம்பினாள், அவ்வளவுதான்.

தேர்வு முடிவு என்ன ஆயிற்று என்றும் கேட்காதீர்கள். அவனுக்கே தெரியாதபோது உங்களுக்கு எப்படிச் சொல்வது? அது நியாயமில்லை.

ஆகவே நடந்தவரைக்கும் சொல்கிறேன். அவன் வீட்டுக்குள் வந்தான். அவள் மேஜையில் உட்கார்ந்து யாரோ ஒருவருடைய மூக்குக்கண்ணாடிக்குக் குட்டித் திருப்புளியால் கால் மாட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. அவன் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும். திருப்புளியைக் கீழே வைத்தாள். "ம். சொல்லுங்க."

அவனுடைய முதல் வாக்கியத்தை நான் பல விதமாக எழுதிவிட்டேன். எல்லாவற்றிலும் என் குரல்தான் கேட்கிறது. ஒரு கோணல், ஒரு சாமர்த்தியம். அவளுக்கு அது வேண்டாம். சாமர்த்தியத்தை அவள் போதுமான அளவு கேட்டுவிட்டாள். நீங்களோ இவ்வளவு நேரம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டிருக்கிறீர்கள். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும். நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்து உட்காருங்கள். அவள் காத்திருக்கிறாள்.

எப்படி வேண்டுமானாலும் ஆரம்பியுங்கள். 'முக்கியமா ஒண்ணுமில்ல' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.